சுவருக்கும் சாலைக்கும் நடுவில்

...பிறகு அடுப்பை அணைத்தேன், பாலை இறக்கினேன், மிளகு என்று சீட்டு ஒட்டிய டப்பாவிலிருந்து சர்க்கரை எடுத்துப் போட்டேன். எறும்பை ஏமாற்ற அவள் ஒட்டிய சீட்டு அது. எறும்புக்குப் படிக்கத் தெரியாது என்றேன், நீ போய்ச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் சரி என்றாள். எறும்பு இன்றைக்கும் வந்திருந்தது. குடித்தேன், குளித்தேன், சட்டையைத் தேய்த்தேன், காலர், கை, முதுகு, அந்த வரிசையில். முகம் மழித்தேன். கண்ணாடியில் தெரிந்தவன் நன்றாகத்தான் இருந்தான், பெண்டாட்டி செத்து ஒரு வருஷம்கூட ஆகாதவன் போல இல்லை, விழாவுக்குப் போகிற மாநகராட்சி உதவிப் பொறியாளன் போல இருந்தான், அப்படித்தான் இருக்க வேண்டும், இன்றைக்கு யாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்லக் கூடாது, பாவப்பட வேண்டியவர்கள் வேறு இரண்டு பேர். செருப்பை மாட்டும்போது மாமியார் போனில் கூப்பிட்டார், மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் போடுகிற ஒப்பந்தத்துக்கு அவள் பேரை வைக்கிறார்களாமே, மேடையில் சொல்லுவார்களா என்று கேட்டார். சொல்லுவாங்க அத்தை என்றேன். அவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "இந்தத் தடவையாவது தப்பில்லாம சொல்லச் சொல்லுங்க மாப்பிள்ளை." இரங்கல் கூட்டத்தில் அவள் பேரைத் தப்பாகத்தான் படித்தார்கள். அத்தைக்கு அது மட்டும் நினைவிருக்கிறது. எனக்கு எல்லாமே நினைவிருக்கிறது.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது, ஜன்னலோரம், மாநகராட்சியின் அழைப்பிதழை முழங்காலில் வைத்திருந்தேன், நான்தான் தயாரித்தது. நகரமும் பல்கலைக்கழகமும் கைகோக்கும் நாள். கைகோப்பாம். எங்கள் வீட்டில் அது எப்போதோ நடந்துவிட்டது, அவள் பல்கலைக்கழகத்தில் நீரியல் துறை ஆசிரியை, நான் மாநகராட்சியில் வடிகால் பிரிவு, உலகத்திலேயே இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் சாப்பிடுவது நம்ம வீட்டில்தான் என்பாள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட மாநகராட்சி என்று கூப்பிட்டதுதான் அதிகம். மாநகராட்சி, அந்தக் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுறதா உத்தேசம் இருக்கா, இல்ல அதுக்கும் ஒரு குழு அமைக்கணுமா? பல்கலைக்கழகம் முதலில் அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்... இப்போது குப்பையை நானே போடுகிறேன், கேட்க ஆளில்லை, கேட்காமலே போடுகிறேன், என்ன பிரயோசனம்.

அவள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. நகரத்துக்கு அதன் வடிகால்கள் எங்கே ஓடுகின்றன என்று பாதிக்கு மேல் தெரியாது, அவளிடம் அளக்கத் தெரிந்த மாணவர்கள் ஒரு வகுப்பு நிறைய இருந்தார்கள். அவர்கள் அளக்கட்டும், நீங்கள் அனுமதியும் பழைய வரைபடங்களும் கொடுங்கள், அவர்களுக்குப் படிப்பு, உங்களுக்குத் தகவல். இதற்குத்தான் இரண்டு அலுவலகமும் மாறி மாறி விளக்கம் கேட்டன. மாணவன் சாக்கடையில் இறங்கி ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார் எங்கள் தலைமைப் பொறியாளர். எங்கள் வளாக வரைபடத்தை வெளியாட்களிடம் தர வழக்கமில்லை என்றார் பல்கலைக்கழகத்தின் வளாக அதிகாரி. எங்கள் ஆளிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பேர் ‘பார்க்கலாம்’. அவர்கள் ஆளுக்கு அவள் வைத்த பேர் ‘சுற்றுச்சுவர்’, எந்தப் பேச்சையும் சுவரைத் தாண்ட விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு வரைபடங்களையும் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எங்களுடையதில் பல்கலைக்கழகம் இருக்கிற இடம் வெறும் வெள்ளை. அவர்களுடையதில் சுவருக்கு வெளியே நகரமே வெள்ளை. இரண்டையும் நகர்த்தி ஒட்டப் பார்த்தாள், ஒட்டவில்லை, பின்வாசல் பக்கம் சுவருக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் இரண்டிலும் இல்லை. அதற்கு அடியில்தான் வளாகத்துத் தண்ணீரெல்லாம் வந்து நகரத்து வடிகாலில் விழுகிறது, அதற்கு மேல்தான் பின்வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு எல்லோரும் நடக்கிறார்கள், அந்த இடத்தில்தான் மூடிக்கல் உடைந்து கிடந்தது. "பாத்தியா, ரெண்டு பேரும் சேந்து ஊர்ல ஒரு துண்டைத் தொலைச்சிருக்கீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும்...

அப்புறம் அந்தக் கூட்டு ஆய்வு. அதை நான் தினமும் ஒரு தடவை மனசில் ஓட்டிப் பார்க்கிறேன், மறந்துபோகக் கூடாது என்று, ஆறிவிடக் கூடாது என்று. இரண்டு அலுவலகமும் சேர்ந்து போய் இடத்தைப் பார்ப்பதற்குப் பேர் கூட்டு ஆய்வு. எங்களில் யாரும் அடுத்தவருடைய இடத்தில் கால் வைப்பதில்லை, யாருடையது என்று தெரியாத இடத்தில் வைப்பதே இல்லை, வைத்தால் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும். சுற்றுச்சுவர் வாசலுக்கு உள்ளே நின்றார், பார்க்கலாம் சாலை ஓரத்தில் நின்றார், உடைந்த கல் நடுவில் கிடந்தது, இருவரும் அதற்கு மேலாகக் கத்திப் பேசிக்கொண்டார்கள், அங்கேயே நில்லுங்க சார், நல்லா கேக்குது என்று. அவள் மட்டும் நடுவில் நின்றாள், கல்லுக்குப் பக்கத்தில், கையில் அளவுகோலோடு. "நீங்க எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் எங்கள் ஆள், வேடிக்கையாக. "நடந்து போற பக்கம் சார்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் இடத்தில் நின்றபடியே, பரிசீலனையில் உள்ளது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மழைக்காலம் வந்தது. மாலை வகுப்பு முடித்து அந்த வழியாக வந்தாள், மழை அப்போதுதான் விட்டிருந்தது, தண்ணீரில் தரை எது குழி எது என்று தெரியாது, என்னோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள், இங்க மூடி இல்ல என்றாள்... அதைத்தான் போலீஸிடம் சொன்னேன், விசாரணையில் சொன்னேன், பத்திரிகையில் தலைப்பாகவே வந்தது. இங்க மூடி இல்ல. இரங்கல் கூட்டத்தில் அவளுடைய துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகரமும் பல்கலைக்கழகமும் ஒன்றுசேர வேண்டும் என்பதே அவருடைய கடைசி வார்த்தை என்றார், ஏதோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் மாதிரி. மலர்வளையம் இரண்டு தரப்பும் வைத்தார்கள். அவர்களுடையது வாசல் கம்பியில் உள்பக்கமாகத் தொங்கியது, எங்களுடையது சாலையோர விளக்குக் கம்பத்தில் சாய்ந்திருந்தது. அப்போதும் நடுவில் ஒருத்தன் கால் வைக்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். உட்கார வைக்கிறேன். காலை மட்டுமல்ல, முழு உடம்பையும் அங்கே வைக்கச் செய்கிறேன்.

இறங்கினேன். சாலையைக் கடந்தேன். கூடாரம் வெள்ளையாக, பந்தல்காரர் நான் சொன்னபடி கட்டியிருந்தார். இடத்தை நான்தான் சொன்னேன். மாநகராட்சியினர் பல்கலைக்கழகத்துக்குப் போகமாட்டார்கள், பல்கலைக்கழகத்தார் மாநகராட்சிக்கு வரமாட்டார்கள், யார் வீட்டு வாசலில் யார் போய் நிற்பது என்பதிலேயே மாதங்கள் போயின, அப்போதுதான் பணிவாகச் சொன்னேன், இரண்டும் சந்திக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்ளலாமே சார், படத்துக்கும் நன்றாக இருக்கும். உனக்கு மனசு எவ்வளவு பெரிசு என்று சொல்லி ‘பார்க்கலாம்’ என் தோளைத் தட்டினார். இரண்டு பேருமே அழைப்பிதழில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள், விழா நடைபெறும் இடம் எவருடைய உரிமையையும் குறிக்காது என்று. சேர்த்தேன். கூடாரமும் கம்பளமும் வந்துவிட்டால் அது இடமே இல்லை, மேடை. குழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது, மூடினால் மூடினவனுடையதாகிவிடுமே. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர்தான் மனசு கேட்காமல் ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து மேலே போட்டிருந்தார், தாழ்ப்பாளோடு. ஓர் ஆள் தாண்டிப் போகலாம், போகிறார்கள். ஒரு பக்கம் உளுத்துவிட்டது. அதன்மேல்தான் நேற்று சிவப்புக் கம்பளத்தை விரிக்கச் சொன்னேன், மேசையைப் போடச் சொன்னேன், அந்த இரண்டு பேருடைய நாற்காலிகளையும் பின்னங்கால்கள் கதவின்மேல் வருகிற மாதிரி நானே நகர்த்தி வைத்தேன். எவ்வளவு பாரம் தாங்கும்? பொறியாளன், நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, போடாமல் விட்டதுதான் என் கணக்கு. இன்று மழை இல்லை, கீழே முழங்கால் அளவுதான் தண்ணீர், கால் உடையும், அதிகம் போனால் இடுப்பு, எல்லா கேமராவும் பார்க்கும், சாக்கடையிலிருந்து கை நீட்டுவார்கள், அப்போது கேட்பேன், சார், நீங்க எந்தப் பக்கம்? அதிகம் போனால் என்று சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கும் அதிகம் போனால் செருப்பு நனையும் என்றுதான் அந்த இடம் சொல்லியிருக்கும்.

மைக்செட்காரர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் கம்பளத்தின் நடுவுக்குப் போனார், என் வாய் என்னைக் கேட்காமல், அங்க வேணாம் தம்பி, இந்தப் பக்கம் வாங்க என்றது. ஒயர் எட்டாதே சார் என்றார். எட்டாட்டி பரவாயில்ல, வாங்க. அவர் நகராமல் காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "கீழ என்ன சார், டொக்கு டொக்குங்குது?" கதவு என்றேன். "கதவா? யார் வீட்டுக் கதவு?" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டார், நல்ல கேள்வி. ஏன் கூப்பிட்டேன்? அவர் ஒரு தப்பும் செய்யாதவர், அதனால். சரிதானே. நான் குறி வைத்தது இரண்டே பேரை. ஆனால் கதவுக்குக் குறி தெரியுமா... கூடாரத்தின் ஓரத்தில் அவளுடைய மாணவர்கள் நின்றிருந்தார்கள், அளவுகோல்களோடு, பளிச்சென்ற சட்டைகளில். ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதல் வேலையாக இந்தத் துண்டைத்தான் அளந்து மூடப் போகிறார்களாம், ஒரு பெண் வந்து என்னிடம் சொன்னாள், மேடம் எழுதிவைத்த திட்டத்தில் முதல் வரியே இதுதான் சார் என்று. எனக்குத் தெரியும். என் சாப்பாட்டு மேசையில்தான் எழுதினாள். இரண்டு பேரும் உள்ளே விழுந்துவிட்டால் யார் கையெழுத்துப் போடுவது? மறுபடி விசாரணை, மறுபடி கூட்டு ஆய்வு, மறுபடி ஒரு பழைய கதவு. அதனால் என்ன, மூடினால் அவள் வந்துவிடுவாளா. வரமாட்டாள். அவர்கள் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். சாப்பிட விடக் கூடாது.

வந்துவிட்டார்கள். சுற்றுச்சுவர் வாசலிலிருந்து, கழுத்தில் அடையாள அட்டை ஊசலாட. பார்க்கலாம் காரிலிருந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. கேமராக்கள் திரும்பின. கம்பளத்தின் இரண்டு ஓரத்திலும் இருவரும் நின்றார்கள், நின்றே விட்டார்கள், பழக்கம். நீங்க முதல்ல சார். இல்ல இல்ல, நீங்கதான் முதல்ல. அதே சிரிப்பு. நடுவில் இரண்டு காலி நாற்காலிகள், அவள் நின்ற இடம். இதோ, ஒரு கால்... எங்கள் ஆள் செருப்பின் நுனியால் கம்பளத்தைத் தொட்டார். இதற்காகத்தான் இத்தனை மாதம் சட்டை தேய்த்தேன். என் தொண்டையில் மைக்செட்காரரைக் கூப்பிட்ட அந்தச் சத்தம் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தது, அது என் சத்தம் மாதிரி இல்லை, எங்கேயோ கேட்டது, அவசரமாக, கொஞ்சம் எரிச்சலாக, யாரோ ஒரு தெரியாத ஆளுக்காக... போலீஸிடம் நான் சொன்னது முழு வாக்கியம் இல்லை. மீதியை அவர்கள் கேட்கவில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை, முதல் மூன்று வார்த்தை போதுமானதாக இருந்தது, அதை வைத்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். பார்க்கலாம் இரண்டாவது காலையும் எடுத்தார். அன்றைக்குக் காதில் தவளைச் சத்தமும் ஒரு லாரியின் ஹாரனும் கேட்டன, நடுவில் அவள் குரல், மூச்சு வாங்கியபடி, எதையோ கையால் இழுத்துக்கொண்டே.

"இங்க மூடி இல்ல. இரு, போனை வெச்சுடாதே, யாராவது வந்து விழுந்துடப் போறாங்க, ஏதாவது இழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."