ஒன்பது வெடி

1981, ஆனி மாதம். இலஞ்சிக்கு மேற்கே ஒரு கல்குவாரியில் எனக்கு வெடி எண்ணும் வேலை. பாறையில் பத்துக் குழி போட்டு, மருந்து திணித்துத் திரி கொளுத்துவார்கள். பத்துச் சத்தமும் கேட்ட பிறகுதான் கல் சுமக்கும் பெண்கள் பள்ளத்தில் இறங்கவேண்டும். ஒன்று குறைந்தால் அது உள்ளே விழித்துக்கொண்டு படுத்திருக்கிறது என்று அர்த்தம்.

என் காது லேசுப்பட்டதல்ல. ஐந்தருவியில் இன்றைக்கு எத்தனை கிளை விழுகிறது என்று குவாரியில் இருந்தே சொல்லிவிடுவேன். இதைச் சொன்ன நாளிலிருந்து, நான் வேறு எதைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

அன்று ஒன்பதுதான் கேட்டது.

“பத்தாச்சு. இறங்கச் சொல்லும்வே” என்றார் மேனேஜர் சங்கரசுப்பிரமணியன். இரண்டு லாரிகள் காத்து நின்றன.

“ஒம்பதுதான் சார். கடைசியா கேட்டது மலை திருப்பிச் சொன்னது. சாரல்ல நனைஞ்சு லேட்டா வந்திருக்கு.”

“எதிரொலி நனைஞ்சுதாக்கும்! உம்ம புளுகைக் கேக்க எனக்கு நேரமில்லவே.”

கல் சுமக்க முன்னால் நின்ற முப்பிடாதியம்மாள் சும்மாட்டைத் தலையில் வைத்துவிட்டாள். பின்னால் பதினோரு பெண்கள். “அண்ணாச்சி போன வாரம் அருவியில திமிங்கலம் பாத்தவருல்லா” என்று சிரித்தபடி சரிவில் கால் வைத்தாள். எனக்கு மெய்யைச் சொல்லி யாரையும் நிறுத்திப் பழக்கமில்லை.

“சார், தென்காசி ரோட்டுல ஜீப்பு வருது. லேபர் ஆபீசர் மாதிரி இருக்கு” என்றேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பெயர்கூடப் பதிவேட்டில் கிடையாது. மேனேஜர் முகம் வெளுத்தது. “ஏட்டி, எல்லாரும் மேல ஏறுங்க! தோப்புக்குள்ள போயி உக்காருங்க!”

போனார்கள். நான் பள்ளத்தைப் பார்த்தேன். மேனேஜர் ரோட்டைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஜீப்பும் வரவில்லை, வெடியும் வரவில்லை.

“எங்கவே ஜீப்பு?”

“பஞ்சர் சார். டிரைவர் ஸ்டெப்னி மாத்துதான்.”

“இங்கன இருந்து தெரியுதோ?”

“சத்தம் கேக்குதுல்லா.”

மேனேஜர் என்னை முறைத்துவிட்டுத் தோப்பைப் பார்த்துக் கையைத் தட்டினார். பன்னிரண்டு பேரும் எழுந்து வெளியே வந்தபோது, பத்தாவது வெடித்தது.

ஆட்டுக்கல் அளவு கல் ஒன்று தலைக்கு மேலே போயிற்று. அது செங்கோட்டையில் போய் இறங்கியதாக நான் சொல்வதுண்டு. லாரி போனட்டில்தான் விழுந்தது.

முப்பிடாதியம்மாள் சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பிறகு கேட்டாள்: “அண்ணாச்சி, ஜீப்பு?”

“இல்ல.”

“ஒம்பது?”

“ஒம்பது.”

பொய் சொன்னதற்காக மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, சிவசைலம் என்பவனை எண்ண வைத்தார்கள். அவனுக்கு எப்போதும் பத்துக் கேட்கும். நான் ரோட்டோரப் பாலத்தில் போய்ச் சம்பளமில்லாமல் உட்கார்ந்தேன். பெண்கள் சிவசைலத்தை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள், தலையாட்டினால்தான் இறங்குவார்கள்.

சாரல் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தலை ஆடிவிடக் கூடாதே என்று, தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.