பனிக்கட்டி வராத கடல்

மினோரிக்குப் பதினாறு வயது. தொடை எலும்பில் புற்றுநோய் வந்து, இரண்டு குளிர்காலமாக ஆஸ்பத்திரி வாசம். அதற்கு முன்பெல்லாம் விடியுமுன்னே காமிராவும் கையுமாகத் தனியாகக் கிளம்பிவிடுகிற பெண். இப்போது குளியலறைக் கதவைத் தாழிடக்கூட அம்மா விடுவதில்லை.

நோயாளிப் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் சங்கத்தார் வந்து கேட்டபோது, "வடக்கே அபஷிரி கடல்ல பனிக்கட்டி மிதந்து வருமே, அதைப் படம் எடுக்கணும்" என்றாள்.

பிப்ரவரியில் அழைத்துப் போனார்கள். புதுக் காமிரா, நீண்ட லென்ஸ், ஒரே நிறச் சட்டையில் நான்கு பேர், அவள் பெயர் எழுதிய பதாகை. ரயிலடியில், ஓட்டலில், நண்டு தின்னும்போது, எங்கே திரும்பினாலும் அவளைத்தான் படம் எடுத்தார்கள். சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

கடற்கரைக்குப் போனால் பனிக்கட்டியைக் காணோம். முந்தின நாள் அடித்த தெற்குக் காற்று அத்தனையையும் தள்ளிக்கொண்டு போயிருந்தது. சாம்பல் நிறத்தில் வெறும் தண்ணீர்.

சங்கத்து ஹிரோத்தா இடுப்பு வளைய வணங்கி மன்னிப்புக் கேட்டார்.

"என்னமோ நீங்களே ஊதித் தள்ளின மாதிரி!" என்றாள் மினோரி.

"வேற என்ன வேணும்னாலும் சொல்லும்மா."

"கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடுங்க. எல்லாரும். அம்மாவும்."

"வழுக்கி விழுந்தா?" என்றாள் அம்மா.

"எந்திரிப்பேன். முடியலன்னா கத்துறேன்."

"அவ்வளவு பாரமா போயிட்டேனா நான்?"

மினோரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து அவளுக்குச் சுற்றிவிட்டு, திரும்பிப் பாராமல் காருக்கு நடந்தாள். மற்றவர்கள் காபிக் கடைக்குப் போனார்கள்.

மினோரி ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தாள். கேட்ட தனிமை கிடைத்துவிட்டது. ஆனால் பழைய தனிமையாக இல்லை. அப்போதெல்லாம் தவறிய படத்தை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

மீன் ஆலை பூட்ஸோடு ஒருத்தி வந்தாள். இருபது வயதிருக்கும்.

"காலு என்னாச்சு? பனிச்சறுக்கா?"

"ஆமா."

"கொடுத்து வச்சவ. ஸ்கூலுக்கு மட்டம் போட நல்ல சாக்கு."

மினோரி வாய்விட்டுச் சிரித்தாள். "உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?"

"ஐயோ, உடம்பெல்லாம் மீன் வாடை!"

"படத்துல வாடை வராதுக்கா."

எடுத்தாள். "அடுத்த வாரம் காத்து மாறும், ஐஸ் திரும்பிடும். வந்து பாரு" என்றுவிட்டுப் போனாள் அவள். வருவதாக மினோரி தலையாட்டினாள். அடுத்த வாரம் மறுபடி மருந்து ஏற்ற வேண்டும்.

கரை வெறிச்சோடியது. சும்மா லென்ஸைக் காரின் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மா அழுதுகொண்டிருந்தாள், பிரிக்காத சோற்றுருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து. இந்த இரண்டு வருஷத்தில் மினோரி ஒரு நாளும் பார்த்திராத முகம். இத்தனை நாள் எங்கே போய் அழுதாள்?

விரல் தயங்கியது. பிறகு அழுத்தினாள்.

நொண்டி நொண்டிக் காருக்குப் போனபோது அம்மா முகத்தைத் துடைத்துத் தயாராக இருந்தாள்.

"நல்ல படம் கிடைச்சுதா?"

"ஒன்னு கிடைச்சுது. இப்ப காட்ட மாட்டேன்."

"சரி."

அம்மா உருண்டையைப் பிட்டு, உள்ளே வைத்த ஊறுகாய் இருந்த பாதியை அவளிடம் நீட்டினாள். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி இருவரும் மென்றார்கள்.