அங்கியும் பொன்னாடையும்

பல்கலைக்கழக மண்டபத்து வாசலில் சிவபாதத்தின் பையைச் சோதித்த காவலர், உள்ளே மடித்திருந்த பொன்னாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். அன்று புதிய தலைவரின் பதவியேற்பு. மேடையில் அவருக்கு அங்கி அணிவிக்கப்போவது மாணவர் பிரதிநிதியான அட்சயா. மகளுக்கு அப்படியொரு பேறு கிடைத்த நாளில் சிவபாதத்தால் வெறுங்கையோடு வர முடியவில்லை. அவர் புலம்பெயர்ந்து வாழும் அஜின்கோர்ட்டில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் பொன்னாடை அவர் பொறுப்பு. மேடையில் எவராவது வெறுந்தோளோடு நின்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஒருமுறை ஒலிவாங்கியைத் திருத்த ஏறியவருக்கும் போர்த்திவிட்டார்.

அட்சயா அவரை நடைவழியின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

“அப்பா, நான் போட்டுவிடமாட்டன். அங்கியைக் கதிரையில வச்சிட்டு இறங்கிடுவன்.”

“உதென்ன விசர்க்கதை? மில்லிக்கனில இருக்கிற மாமா ஆக்கள் எல்லாம் லைவில பாத்துக்கொண்டிருக்கினம்.”

“பாக்கட்டும். பின்னேர வகுப்பெல்லாத்தையும் மூடப்போறன் எண்டு இந்தத் தலைவர்தான் போன கிழமை அறிவிச்சவ. அந்த வகுப்பில அம்மாக்கு இன்னும் ஒரு வருசப் படிப்புக் கிடக்கு. மூடுற ஆளுக்கு நான் உடுப்பு மாட்டிவிடுறதோ? ஸீரியஸ்லி?”

“கொம்மாவோ இப்பிடிச் செய்யச் சொன்னவ?”

“அவ ஒண்டும் சொல்லேல்ல. பேக்கரியால வந்து வழமைபோல இருந்து படிக்கிறா.”

வகுப்புகள் மூடப்படுவது சிவபாதத்துக்குப் புதுச்செய்தி. மனைவி கமலாம்பிகை அவரிடமும் சொல்லவில்லை.

“சபையில மரியாதை எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். தங்களைத் தின்னப்போகும் கொக்குக்கே முடிசூட்டிய மீன்களின் கதையைச் சிறுவயதில் கேட்டபோது, கைதட்டாத மீன் ஒன்றுகூட இல்லையா என்று நச்சரித்தவள் இவள்.

எக்காளம் ஒலித்தது. நிறநிறமான அங்கிகளில் பேராசிரியர்கள் வரிசையாக வந்து அமர்ந்தார்கள். புதிய தலைவர் உறுதிமொழி கூறி முடித்துச் சபையை நோக்கித் திரும்பி, புன்னகையுடன் இரு கைகளையும் சற்றே பின்னுக்கு நீட்டினார். அட்சயா அங்கியை அவர் அமரவேண்டிய கதிரையில் வைத்தாள், அதன் சுருக்கம் ஒன்றைக் கையால் நீவிவிட்டாள், படியிறங்கினாள்.

எவரும் அசையவில்லை. நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

சிவபாதம் எழுந்துவிட்டார். எப்போது பையைத் திறந்தார் என்பது அவருக்கே தெரியாது. நடுவழியில் அவர் நின்றார். இரு கைகளிலும் பொன்னாடை விரிந்து கிடந்தது. எதிரே, மேடையில், புதிய தலைவர் வெறுந்தோளோடு நின்றார். அதே வழியால், தலை குனியாமல், மகள் தகப்பனை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.