அடுத்த வகுப்பில் பார்ப்போம்

அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் கேள்வி கேட்கத் தூக்கிய வலது கையை அந்தப் பெண்ணால் ஒன்பது வருஷம் இறக்க முடியவில்லை. அன்றைய பாடம், மக்களின் சம்மதத்தால்தான் அரசு ஆள்கிறது என்பது. ஓரம் பழுத்துப்போன நோட்டைப் பார்த்துப் பேராசிரியர் சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் எழுதிக்கொண்டே போனார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து கை எழுந்தது. "சார், வாயே திறக்காம இருக்கிறவன் சம்மதிச்சிட்டான்னு எப்படி எடுத்துக்கிறது?" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வகுப்புல பாப்போம்மா. பரீட்சைக்கு முன்னால போர்ஷன் முடிக்கணும்." அடுத்த வகுப்பில் அவர் மறந்துபோனார், அவளும் விட்டுவிட்டாள், கைதான் விடவில்லை.

வலி கிடையாது. மழைக்காலத்தில் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். தையற்காரர் சட்டையின் வலது தோளில் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இடது கையால் எழுதப் பழகி இரண்டாம் வகுப்பில் தேறினாள். கூடப் படித்தவர்கள் கொடிக்கம்பம் என்று கூப்பிட்டார்கள். அவள் எங்கே நின்றாலும் பஸ் டிரைவர்கள் நிறுத்தினார்கள். காலாற நடக்க நினைத்த நாட்களிலும் ஏறித் தொலைக்க வேண்டியிருந்தது. அப்பா மூட்டை தூக்கும் கிடங்கிலேயே கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. நிலைவாசலில் விரல் இடிக்காமல் குனிந்து நுழைவாள். இரண்டு மாதத்தில் அது யாருக்கும் ஒரு செய்தியாக இல்லை.

கிடங்குத் தொழிலாளர் சங்கத்தில்தான் சிக்கல். அங்கே எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். சந்தா உயர்வு, மின்விசிறி, தலைவரின் பயணப்படி என்று எல்லாவற்றுக்கும் அவள் கை ஆதரவில் எழுதப்பட்டது. சின்ன விஷயம்தானே என்று அவளும் பேசாமல் இருந்தாள். ஒன்பதாம் வருஷம், ஐம்பத்தைந்து தாண்டிய ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பச் சங்கம் ஒத்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் கூலி கூடும் என்று முதலாளி சொல்லியனுப்பினார். ஏழு பேரில் அப்பாவும் ஒருவர். கூட்டத்துக்கு வந்திருந்த நாற்பத்தொரு பேரில் ஆதரவு இருபத்தொன்று, எதிர்ப்பு இருபது.

"என் கையை எண்ணாதீங்க அண்ணே, நான் ஒத்துக்கல."

"மேலதானம்மா இருக்கு? ஒவ்வொருத்தர் மனசையும் தொறந்தா பாக்க முடியும்?" என்றார் தலைவர்.

"என்னைத் துரத்தத்தான் உன்னைப் படிக்க வச்சேனா?" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. வேலையைப் பறிக்கும் தீர்மானத்தை இரண்டு கூட்டங்களில் எண்ணி, இரண்டிலும் ஜெயித்தால்தான் செல்லும் என்பது சங்க விதி. இரண்டாவது கூட்டம் சனிக்கிழமை.

சனிக்கிழமை காலையில் அவள் பேராசிரியர் வீட்டுக்குப் போனாள். ஓய்வு பெற்றுவிட்டவர், வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகம் மறந்திருந்தாலும் கையை அடையாளம் தெரிந்தது.

"இன்னுமா இறங்கல?"

"அடுத்த வகுப்புன்னீங்களே சார்."

அவளைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து பக்கம் பக்கமாகத் தேடினார். கடைசிப் பக்கம் வரை போய், மூடி வைத்தார். "எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கும் தெரியாது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு போர்ஷன் மேல பழி போட்டேன்."

கை இறங்கி மடியில் விழுந்தது.

"இதுக்கா சார் ஒன்பது வருஷம்?" என்றாள்.

அன்று பஸ் நிற்கவில்லை. அவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் கூட்டத்தில் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். செயலாளர் பழக்கத்தில் அவளுக்கும் ஆதரவில் ஒரு கோடு போட்டிருந்தார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கோட்டை அழித்தார். "எதிர்க்கிறவங்க?" என்றபோது அவள் கை எழுந்தது. எண்ணி முடித்ததும் இறங்கியது. திங்கட்கிழமை ஏழு பேரும் எப்போதும்போல் மூட்டை தூக்கினார்கள்.