ஜனவரியில் பெரு

வித்யா என்னைக் கழற்றிவிட்டாள். இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை, தேடவும் போவதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கிளினிக்கில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறோம். நான் பதிவு கவுண்டர், அவள் மருந்து கவுண்டர். மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான். பெரு நாட்டைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதும் நான் திட்டம் போட உட்கார்ந்ததும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

இரண்டு வருஷம் உழைத்தேன். மொத்தம் பத்து நாள். லிமாவில் ஒரு நாள். உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால் குஸ்கோவில் மூன்று நாள், மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை பிசாக் சந்தையில் கம்பளி நெய்யும் பெண்களைப் பார்ப்பது. ரயிலேறி மச்சு பிச்சு. கடைசியில் டிட்டிகாக்கா ஏரி, அதில் நாணலால் கட்டிய மிதக்கும் தீவுகள். வித்யாவுக்கு முட்டி வலி, செங்குத்தான படி வேண்டாம் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்தேன். "என்னைக்கூட நீ இப்படிப் பாத்துக்கிட்டதில்ல" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மே மாதம் என்று முடிவு செய்தோம். ஜனவரியில் அங்கே கொட்டும் மழை. மேகம் மூடிக்கொண்டால் மலையே தெரியாது. அதோடு இந்தத் தடவை தைப்பூசமும் ஜனவரியில் வருகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் என் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, அவர் பிழைத்தால் என் கால் நடக்கும்வரை வருஷம் தவறாமல் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தார். ஒரு வருஷம் விட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நான் குடத்தோடு நடக்க, என் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வருபவள் வித்யாதான். தேதி அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

போன சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, பஃபலோ ரோட்டில் மாடியில் இருக்கும் முகமது இஸ்மாயிலின் டிராவல்ஸுக்கு ஏறினேன். மே மாதத்துக்கு இரண்டு டிக்கெட் போடச் சொல்ல வேண்டும்.

"என்னக்கா மே மாசம்? அதான் ஜனவரிக்கே போட்டாச்சே" என்றார் இஸ்மாயில். "உங்க ஃப்ரெண்ட் வந்து உங்க பிளான் பேப்பரைக் கொடுத்தாங்க. அந்த மாசம் மழைன்னு நான்கூடச் சொன்னேன். பரவால்லன்னுட்டாங்க."

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அக்கா என்றே கூப்பிடுவார், என் பெயர் அவருக்குத் தெரியாது; நானும் அதில் ஒருத்தி என்று நினைத்திருப்பார் போல. நான்கு பெயர்கள். வித்யா, அவள் கணவர் ரகுபதி, நாத்தனார் நிரஞ்சனா, நிரஞ்சனாவின் கணவர் பிரேம். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் புறப்படுகிறார்கள். கீழே என் திட்டம், நான் போட்ட வரிசை கலையாமல் அப்படியே.

"படிக்கட்டு வேணாம்னு நீங்க எழுதினதையும் ஹோட்டல்காரங்களுக்குச் சொல்லிட்டேன்க்கா" என்றார் இஸ்மாயில். நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். காய்கறிப் பையை அங்கேயே விட்டுவிட்டேன்.

வித்யா வீட்டுக்குப் போகும் ரயிலில் டோபி காட் ஸ்டேஷன் தாண்டும்வரை அவளுக்காக நானே வக்கீலாக இருந்தேன். நாத்தனார் நச்சரித்திருப்பாள். ரகுபதிக்கு அப்போதுதான் லீவு கிடைத்திருக்கும். மழை விஷயம் அவளுக்குச் சரியாகப் புரிந்திருக்காது, இஸ்மாயில் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க மாட்டாள். சைனாடவுன் வந்தபோது, பாவம், எடுத்துச் சொல்லித் தேதியை மாற்ற வைக்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஏமாந்தவள் புத்தி அப்படித்தான் போகும்.

புக்கிட் மேராவில் அவள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சோபாவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாலு மழைக்கோட்டுகள். என்னைப் பார்த்ததும் வித்யாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இஸ்மாயில்கிட்டேருந்து வர்றேன்" என்றேன்.

"ஈஸ்வரி, உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். திடீர்னு எல்லாம் முடிவாயிருச்சு லா. உனக்குத் தைப்பூசம் இருக்கு, நீ எப்படியும் வர மாட்டே. அதான்..."

"மே மாசம்னுதானே பேசினோம்?"

"மே மாசம் நிரஞ்சனாவுக்கு லீவு இல்ல."

"ஜூன் போலாமே. மழை இல்லாத மாசம் எத்தனை இருக்கு? தைப்பூசத்தைப் பாத்துத்தான் தேதி எடுத்தியா?"

அவள் மழைக்கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சரி. இந்த வருஷம் நான் பால்குடம் எடுக்கல. நானும் வர்றேன்."

வித்யா நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். திடுக்கிட்டுப் போயிருந்தாள்.

"ஐயோ, வேணாம் ஈஸ்வரி. சாமி விஷயத்துல விளையாடாதே. அண்ணன் உயிருக்காக நீ வேண்டினது."

"அதை நான் பாத்துக்கிறேன். ஒரு டிக்கெட் கூடப் போடச் சொல்றேன்."

"இல்ல லா... ரூம் எல்லாம் ரெண்டு ரெண்டு பேருக்குத்தான்."

"எனக்குத் தனி ரூம் போட்டுக்கிறேன்."

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "நீ வந்தா எல்லாம் நீ எழுதி வச்ச மாதிரியே நடக்கணும். இத்தனை மணிக்கு எழுந்திரு, இங்க உக்காரு, இதைச் சாப்பிடாதே. நிரஞ்சனாவுக்கு அது ஒத்து வராது." ஒரு மழைக்கோட்டு உறையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே, "எனக்கும்தான்" என்றாள்.

காபி போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். திட்டத்தை எடுத்துக்கொண்டாள், போகட்டும். என் வீட்டுக்காரர் உயிருக்காக வேண்டிக்கொண்டதை இவளுக்காக விட்டுவிடுகிறேன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அதைக் கேட்ட பிறகும் அவள் வா என்று சொல்லவில்லை.