கண்ணுக்குக் கீழே

இறந்து கிடந்த அம்மாவின் மேலுதட்டை முடித்துவிட்டுக் கனாயே கீழுதட்டில் சாயத்தை வைத்தபோது, பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "போதும்டி. உங்கம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது."

"பிடிக்காதுன்னு எப்ப சொன்னா? வேலைக்கு ஆகாதுன்னுதானே சொன்னா?"

அம்மா மசுயோ வேலை பார்த்தது இனா ஊரிலிருந்த குவார்ட்ஸ் தொழிற்சாலையின் தூசியில்லா அறையில். கடிகாரத்துக்குள் துடிக்கிற, நகத்தை விடச் சின்னக் குவார்ட்ஸ் கல் தகட்டுக்கு வெற்றிடத்தில் தங்கம் பூசி, அதன் துடிப்பைச் சரிபார்த்து, காற்றுப் புகாமல் மூடுகிற வேலை. பவுடர் ஒரு துகள் உட்கார்ந்தாலும் துடிப்பு மாறிவிடும், கல் குப்பைக்குத்தான். அதனால் அந்த மனுஷி முகத்தில் எதையும் வைத்ததில்லை. மகள் கல்யாணத்துக்கே, "நாளைக்கு ஷிப்டு இருக்கே" என்று கழுவிய முகத்தோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்த பார்வையைக் கனாயே மறக்கவில்லை. ஒரு நாளாவது அம்மா அழகாக இருக்கட்டும் என்று அவளுக்கு வீம்பு. இனி ஷிப்டும் இல்லையே.

பூசி முடித்து, வழக்கப்படி முகத்தின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டாள்.

மதியம் தோக்கிகோ வந்தாள். தொழிற்சாலையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்தவள். ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"அழகா இருக்காங்க," என்றாள், யார் வீட்டுப் பெண்ணையோ சொல்வது போல.

கனாயேவுக்குச் சுருக்கென்றது. "ஏன், நல்லா இல்லையா?"

"ஐயோ, நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் அக்கா மாதிரி தெரியல. உள்ள போனா நாள் முழுக்க மாஸ்க்தானே, கண்ணு மட்டும்தான் தெரியும். சிரிக்கிறதும் அதுலதான், திட்டுறதும் அதுலதான். தப்பா நினைக்காத..."

துணியை மூக்கும் வாயும் மறைய, கண்ணுக்குக் கீழே வைத்தாள். கல்லின்மேல் குனியும்போது செய்வது போல மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா! அடிப்பாவி, என்னைத் தனியா விட்டுட்டியே!"

அடக்கிய மூச்சு அழுகையாக வெடித்தது. காலையிலிருந்து அழாமல் உட்கார்ந்திருந்த அப்பாவும் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சவப்பெட்டியை மூடும் நேரம் வந்தது. துணியை எடுத்தபோது, உள்பக்கத்தில் இரண்டு உதடுகளும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"கறையாயிடுச்சே. வேற துணி தரட்டுமா?" என்று பெட்டிக்காரர் கேட்டார்.

"வேணாம்," என்றாள் கனாயே. அம்மாவின் உதட்டுச் சாயத்தைத் துடைக்கவும் இல்லை. சிவப்பு உள்ளே இருக்கும்படி, அதே துணியைக் கண்ணுக்குக் கீழே வைத்தாள். மூடி இறங்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.