இணைச்சீருக்கு நிற்பவள்

கல்யாண வீட்டு வாசலில் சென்னியம்மாள் கால் வைத்ததும் பேச்சு நின்றது. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு ஒரு சாண் கீழே, ரவிக்கை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்கள். பிறகு வெங்காயத்துக்கே அவசரம் வந்துவிட்டது போல மறுபடி உரிக்கத் தொடங்கினார்கள். இந்தப் பார்வை அவளுக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகப் புகுந்த ஊரான கணபதியில் மளிகைக் கடைக்காரன்கூட அங்கேதான் பார்க்கிறான். ஆரம்பத்தில் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் யாராவது பார்த்தால் நிமிர்ந்து நின்று, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பாள்.

நயா பைசா வந்ததற்கு அடுத்த வருஷம் அது. துடியலூருக்குப் பக்கத்தில், அவள் பிறந்த வீட்டில், மறுநாள் காலை தம்பி பொங்கியண்ணனுக்குக் கல்யாணம். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கென்று ஒரு சீர் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் அவள் அவனுக்குப் பக்கத்தில் நின்று, கூறைச் சேலையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளுமாகப் பிடிக்க வேண்டும். இணைச்சீர் என்பார்கள். புதிதாக ஒருத்தி வந்தாலும் பிறந்தவளின் உரிமை போய்விடாது என்று ஊரறியச் சொல்கிற சீர். பொங்கியண்ணனுக்குக் கூடப் பிறந்தவள் என்று இருப்பது சென்னியம்மாள் ஒருத்திதான். ஆகவே அதில் பேச ஒன்றுமில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

பேசி முடித்தே விட்டிருந்தார்கள். அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் பெரிய வாய் பெரியம்மா குழந்தையம்மாளுடையது.

"நீ வந்ததே போதுங் கண்ணு. உக்காந்து சாப்புடு. இணைச்சீருக்கு நம்ம ராமாத்தா நிக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்."

ராமாத்தாள் பெரியம்மாவின் மகள். பெரியப்பன் மகளும் தங்கைதான், முறை சரிதான். இரண்டு வருஷத்துக்கு முன் சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"நா உசுரோட இருக்கறனுங்களே பெரீம்மா."

"அதுக்கில்ல அம்மணி. மங்கலக் காரியம். ஒடம்புல கொறையுள்ளவ மணவறையில நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பொங்கியண்ணன் நல்லா இருக்கோணுமல்ல?"

சென்னியம்மாளுக்கு நெஞ்சு கொதித்தது. பொங்கியண்ணன் நல்லா இருக்க வேண்டுமாம். அவள் உயிரோடு இருப்பதே அவனால்தான் என்பது இந்தப் பெரியம்மாவுக்குத் தெரியாதா?

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் இடது மாரில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. பால் கட்டிக்கொண்டது என்றார் மாமியார் நாச்சியம்மாள். மல்லிகைப்பூவை வாங்கி வந்து மாரில் வைத்துக் கட்டினார். ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். இரண்டு பக்கமும் பால் வற்றிப்போனது. குழந்தை டம்ளர் பாலுக்கு மாறியது. கட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பால் கட்டியது என்றால் பாலோடு போயிருக்க வேண்டுமே என்று சென்னியம்மாள் கேட்டாள். வாயாடி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். ஆம்பளை டாக்டரிடம் காட்டுகிற இடமா அது என்றார் மாமியார். புருஷன் பாலுசாமி நல்லவன். ஆனால் நல்லவனாக இருப்பதற்கும் அவனுக்கு அம்மாவின் உத்தரவு வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். சொல்லக் கூசியது. சொன்னாள். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த ஏரை நிறுத்தி, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, நடக்கா" என்றான். கோயம்புத்தூரில் அவளை அறுத்து வெளியே கொண்டுவரும்வரை ஆஸ்பத்திரி மரத்தடியில் கிடந்தான்.

இப்போதும் அவனிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியம்மாவை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவான். சொல்ல அவளுக்கு மனமில்லை. தன் உரிமையைத் தம்பியிடம் கெஞ்சி வாங்க வேண்டிய நிலைமை இன்னும் வரவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விடிந்ததும் சின்ன அறையில் ராமாத்தாளுக்குச் சிங்காரம் நடந்தது. சென்னியம்மாளும் தன் பட்டுச் சேலையோடு அதே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாம் இளவட்டங்கள். ஒருத்திக்கு ஆசை அடக்க முடியவில்லை.

"ஏனுங்க்கா, உள்ளுக்குப் பஞ்சு வெச்சுத் தெச்சுக்கலாமுல்ல? ஒண்ணும் தெரியாது."

"வெச்சுக்கலாங் கண்ணு. பஞ்சுக்கா நம்மூர்ல பஞ்சம்? யாருக்குப் பயந்து வெக்கறதுன்னுதான் தெரியல."

பெண்கள் சிரித்தார்கள். சென்னியம்மாளும் சிரித்த வாயோடு அவர்கள் பக்கம் திரும்பி, ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினாள். கக்கத்திலிருந்து நெஞ்சு நடுவரை ஓடிய தழும்பைப் பார்த்து ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"முழிச்சுப் பாரு. அரிவாளும் இல்ல, பேயும் இல்ல. இது போனதால நா இருக்கறேன். டாக்டரம்மா எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க, உங்களுக்குஞ் சொல்றேன். மாசாமாசம் தலைக்கு ஊத்தி நாலஞ்சு நாள் கழிச்சு, படுத்துக்கிட்டு நீங்களே தடவிப் பாக்கோணும். கிள்ளிப் பாக்கக் கூடாது. வெரல்களத் தட்டையா வெச்சு, சுத்திச் சுத்தி அமுக்கோணும். கக்கத்தையும் உட்றாதீங்க. போன மாசம் இல்லாதது இந்த மாசம் இருந்தா, தோலு குழிஞ்சிருந்தா, பஸ் ஏறிப்போடோணும். மல்லியப்பூவு தலைக்கு வெக்கறதுக்கு."

"நம்மளத் தொட்டுக்கறதுக்கே கூச்சமா இருக்குமேக்கா."

"புருசன் தொடறப்பக் கூசாததா?"

இந்தத் தடவை சிரிப்பு சத்தமாகவே வந்தது. ராமாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. நகையெல்லாம் பூட்டி உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அது வலிக்குமா?"

"வலிக்காது. அதுதான் அதோட சூது. வலிச்சா அன்னிக்கே போயிருப்பமே."

ராமாத்தாள் குனிந்துகொண்டாள். "எனக்கும் வலிக்கலீங்க்கா."

சென்னியம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கக்கத்துக்குச் சற்றுக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒன்று விரலுக்குக் கீழே கெட்டியாக நின்றது. கையை எடுத்து, ராமாத்தாளின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

"அதேதானுங்களா?" என்று கேட்டாள் ராமாத்தாள்.

"எனக்கெப்புடித் தெரியும்? டாக்டரம்மா பாத்துத்தான் சொல்லோணும். முக்காவாசிப் பேருக்கு வெறுங் கட்டிதானாம். ஆனா வெறுங் கட்டின்னு நாமளே தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாளைக்குப் போறோம்."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியம்மாவின் காதில் கடைசிப் பேச்சு விழுந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்ததும் மீதியும் புரிந்துவிட்டது. பெரியம்மா சட்டென்று கதவைச் சாத்தினார்.

"ஆரும் மூச்சு உடக் கூடாது. சோமனூர்க்காரங்க காதுக்குப் போச்சுன்னா இவளக் கொண்டாந்து இங்க தள்ளிப்போட்டு வேற ஒருத்தியக் கட்டிக்குவாங்க. தீவாளி நோம்பி முடியட்டும், தை வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"தை வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமுங்களா பெரீம்மா? என்ற மாமியாளும் பூ வெச்சு வெச்சுத்தான் பாத்தாங்க. இன்னுங் கொஞ்ச நாள் போயிருந்தா எனக்குக் கருமாதி பண்ணியிருப்பீங்க."

பெரியம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனார். சென்னியம்மாள் நிதானமாகப் பட்டுச் சேலையைக் கட்டி முடித்து, பின்னாலேயே போய்ப் பந்தல் முன்வரிசையில் நின்றாள். கூப்பிடாவிட்டாலும் நடந்து போய் நிற்பது என்று முடிவு செய்திருந்தாள்.

மணவறையில் பொங்கியண்ணன் நின்றுகொண்டிருந்தான். சீர் நடத்துகிற அருமைக்காரர் குரல் கொடுத்தார். "இணைச்சீருக்குப் பொறந்தவள வரச் சொல்லுங்க."

பெரியம்மா மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். ராமாத்தாள் மணவறை வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"நா நிக்கலீங்க. கூடப் பொறந்தவ சென்னியக்கா இருக்கறாங்க."

"அந்தப் புள்ளைக்கு ஒடம்பு கொறைன்னு உங்கம்மாதானே அம்மணி சொன்னாங்க" என்றார் அருமைக்காரர்.

"கொறைன்னா எனக்குந்தானுங்க இருக்குது. மார்ல கட்டி. மறச்சு வெச்சிருந்தேன். நாளைக்கு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அவங்க நிக்கக் கூடாதுன்னா நானும் நிக்கக் கூடாதுங்களே."

நாதஸ்வரம் நடுவில் அறுந்தது. பந்தலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொங்கியண்ணன் பெரியம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். நடந்தது என்ன என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கூறைச் சேலையின் தலைப்பைக் கூட்டத்துக்குள் நீட்டி, "வாக்கா" என்றான். சென்னியம்மாள் மணவறை ஏறி அதைப் பிடித்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

பெரியம்மா மகளிடம் ஓடிவந்து காதோடு சீறினார். "உன்ற மாமியா, புருசன் எல்லாரும் முன்னால உக்காந்திருக்கறாங்கடி, பாவி."

ராமாத்தாள் சோமனூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் பக்கம் ஒரு தடவை நேராகப் பார்த்தாள்.

"தெரியுமுங்கம்மா. அவங்க காதுல உழுகோணும்னுதான் இத்தன சத்தமாச் சொன்னேன்."